கார்ட்லெஸ் வாங்கப் போகிறவர்களுக்கு: 12 வோல்ட்டா, 18 வோல்ட்டா, இல்லை வயரே போதுமா?

டூல்ஸ் கடையில் போய் "கார்ட்லெஸ் ட்ரில் ஒண்ணு காட்டுங்க" என்று கேட்டால் கவுண்டரில் நாலு டப்பா வந்து உட்காரும். ஒன்றில் 12 வோல்ட், அடுத்ததில் 18, அப்புறம் 21, கடைசி டப்பாவில் 48 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பெரும்பாலும் அந்தக் கடைசி டப்பாதான் விலை குறைவு. "வோல்ட்டும் அதிகம், காசும் கம்மிண்ணே, இதையே எடுத்துக்குங்க" என்பார் கடைக்காரர்.

எடுப்பதற்கு முன் ஒரு விஷயம். கார்ட்லெஸ்ஸில் காசு போகும் இடம் பேட்டரிதான். மோட்டாரும் கியரும் தூசி தட்டி ஒழுங்காக வைத்திருந்தால் வருடக்கணக்கில் ஓடும். பேட்டரிக்கு வேலை கொடுத்தாலும் வயதாகும், அலமாரியில் சும்மா வைத்தாலும் வயதாகும். இன்னொன்று, பொதுவாக ஒரு கம்பெனியின் பேட்டரி அடுத்த கம்பெனி மெஷினில் உட்காராது. இன்றைக்கு ட்ரில்லோடு வாங்கும் இரண்டு பேட்டரிதான் நாளைக்கு நீங்கள் எந்தக் கம்பெனி கிரைண்டரை (இரும்பு, கல் அறுக்கும் மெஷின்), எந்தக் கம்பெனி ஜிக்சாவை (பலகையை வளைத்து அறுக்கும் மெஷின்) 'பாடி மட்டும்', அதாவது பேட்டரி இல்லாமல், வாங்குவீர்கள் என்பதை முடிவு செய்யும். அதனால் டப்பாவில் உள்ள மெஷினின் படத்தைவிட பேட்டரியைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

வயரா, பேட்டரியா?

முதலில் இந்தக் கேள்வியை முடித்துவிடலாம். பேட்டரியில் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று தெரிய வோல்ட்டையும் ஆம்பியர்-அவரையும் பெருக்க வேண்டும். 18 வோல்ட், 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் இருப்பது 36 வாட்-அவர். 5 ஆம்பியர்-அவர் என்றால் 90.

இப்போது நம் ஊரில் எல்லா சைட்டிலும் கிடக்கும் 4 இஞ்ச் கட்டிங் மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி அறுக்கும்போது 600 வாட் இழுக்கிறது என்று வைத்தால், 36 வாட்-அவர் பேட்டரி நாலு நிமிடம்கூடத் தாங்காது. 90 வாட்-அவர் பேட்டரி 9 நிமிடம். டைல்ஸ் வேலைக்காரர் ஒருவர் காலையிலிருந்து மாலை வரை மார்பிள் கட்டரைக் கீழே வைக்காமல் அறுப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த 9 நிமிடம் என்னவென்று புரியும். அவருக்கு வயர் மெஷினும் நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்தான் சரி. சுவரில் காடி வெட்டுவது, தளம் உடைப்பது, கிரானைட் அறுப்பது எல்லாம் இதே கணக்குதான்.

ஸ்க்ரூ முறுக்குவது அப்படியில்லை. ஒரு ஸ்க்ரூவுக்கு இரண்டு மூன்று நொடி, அப்புறம் கை அடுத்த ஸ்க்ரூவைத் தேடும். அந்த இடைவெளியில் பேட்டரிக்கு ஓய்வு. அதே 36 வாட்-அவரில் ஜிப்சம் ஸ்க்ரூக்களை நூற்றுக்கணக்கில் இறக்கலாம். ஏணியில் ஏறி நிற்கும்போதும், பால்கனிக்கு வெளியே ஏ.சி. ஸ்டாண்டு மாட்டும்போதும், இன்னும் இ.பி. இணைப்பு வராத புது வீட்டிலும் காலைச் சுற்றும் வயர் இல்லாமல் இருப்பது வசதிக்கு மட்டுமல்ல, உயிருக்கும் பாதுகாப்பு. கையில் எடுத்து எடுத்து வைக்கும் வேலைக்குக் கார்ட்லெஸ், விடாமல் ஓடும் வேலைக்கு வயர். எல்லாவற்றையும் கார்ட்லெஸ்ஸாக மாற்றப் போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் கடைசியில் நாலு பேட்டரிக்கும் இரண்டு சார்ஜருக்கும் நடுவில் நின்று வேலை பார்ப்பார்கள்.

டப்பாவில் உள்ள வோல்ட்

லித்தியம் செல் ஒன்றின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட். முழுக்க சார்ஜ் ஆனால் 4.2. ஐந்து செல்லை வரிசையாகக் கோத்தால் 18 வோல்ட், சார்ஜ் முடிந்த நிமிடத்தில் 21. ஒரு கம்பெனி 18 என்று போடும், இன்னொன்று '20 வோல்ட் மேக்ஸ்' என்று போடும், விலை குறைந்த ரகம் 21 என்று போடும். மூன்றுக்குள்ளும் இருப்பது அதே ஐந்து செல். டிவால்ட் அமெரிக்காவில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று விற்பதும் ஐரோப்பாவில் 18 என்று விற்பதும் ஒரே பேட்டரிதான். 12 வோல்ட் என்பதும் இப்படித்தான். மூன்று செல், உண்மையில் 10.8. மகிதாவின் '40 வோல்ட் மேக்ஸ்' பத்து செல், அதாவது 36.

அப்படியானால் அந்த 48? 88, 128 என்றுகூட ஸ்டிக்கர் ஒட்டி வருகிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஐந்து செல் வரிசைதான். 128 வோல்ட் உண்மையாகவே வேண்டுமென்றால் முப்பது செல்லுக்கு மேல் வரிசையில் கோக்க வேண்டும், அது உள்ளங்கைக்குள் அடங்கும் பேட்டரி ஆகாது. கடையிலேயே சரிபார்க்க சுலபமான வழி இருக்கிறது: தராசு. இந்தப் பேட்டரிகளில் அதிகம் வரும் 18650 ரக செல், 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது, எடை சுமார் 45 கிராமிலிருந்து 50 கிராம் வரை. ஐந்து செல் கால் கிலோ, பத்து செல் கிட்டத்தட்ட அரைக் கிலோ. பிளாஸ்டிக் கூடும் சர்க்யூட் போர்டும் தனி. 4 ஆம்பியர்-அவருக்குப் பெரும்பாலும் பத்து செல் வேண்டும். அப்படி எழுதிய 18 வோல்ட் பேட்டரி 400 கிராம்கூட இல்லையென்றால் உள்ளே பத்து செல் இல்லை.

12-க்கும் 18-க்கும் நடுவில்

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

12 வோல்ட் ட்ரில் பேட்டரியோடு சேர்த்து ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். முறுக்கு விசை சுமார் 30 நியூட்டன் மீட்டர். 18 வோல்ட்டில் சாதாரண ரகமே 50-க்குப் பக்கத்தில் தொடங்கும், எடை ஒன்றரைக் கிலோவும் அதற்கு மேலும். காகிதத்தில் பார்த்தால் 18 ஜெயித்துவிட்டது. ஆனால் வார்ட்ரோபுக்குள் தலையை நுழைத்து கீல் மாட்டுகிற ஆசாரியிடம் கேளுங்கள். அந்த இடத்தில் மெஷினின் நீளம் இரண்டு விரல் குறைந்தாலே வேலை பாதியாகும். நாள் முழுக்க தலைக்கு மேல் கையைத் தூக்கி ஃபால்ஸ் சீலிங் ஸ்க்ரூ இறக்குபவருக்கு அந்த அரைக் கிலோ சாயங்காலம் தோள்பட்டையில் தெரியும். ப்ளைவுட், எம்.டி.எஃப்., ஸ்விட்ச் பாக்ஸ், திரைச்சீலைக் கம்பி, கொசுவலை ஃப்ரேம் வரைக்கும் 12 வோல்ட் தாராளமாகப் போதும்.

18 தேவைப்படுவது மூன்று இடத்தில். கெட்டி மரத்தில் பெரிய துளை, அதாவது தேக்குக் கதவில் பூட்டுக்கு ஹோல் சா (வட்டமாக அறுக்கும் பிட்) போடும் மாதிரி வேலை. இரும்பில் 10 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். அப்புறம், பின்னால் கிரைண்டர், சர்குலர் சா (வட்ட ரம்பம்), ஹேமர் என்று ஒரே பேட்டரியில் ஓடும் மெஷின் குடும்பத்தைப் பெருக்கும் எண்ணம். 12 வோல்ட்டிலும் இவற்றில் சில கிடைக்கின்றன, ஆனால் அது பொம்மைக்கும் மெஷினுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். தொழிலுக்கு வாங்குகிறவர் 18-இல் தொடங்குவதே நல்லது. வீட்டுக்கு வாங்குகிறவர் 12-ஐ அலட்சியமாக ஒதுக்க வேண்டாம்.

கான்கிரீட் விஷயத்தில் இரண்டுமே ஏமாற்றும். ட்ரில்லில் சுத்தியல் படம் போட்டிருந்தால் எல்லாச் சுவரும் ஓட்டை விழும் என்று நினைக்கிறார்கள். அந்தச் சுத்தியல் ரகத்தில் உள்ளே இரண்டு பல்தட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசி ஏறி இறங்கும். அதில் கிடைப்பது வேகமான அதிர்வு, ஓங்கிய அடி கிடையாது. செங்கல் சுவரில் 6, 8 மில்லிமீட்டர் துளை போட்டு ரா ப்ளக் (ஸ்க்ரூ பிடிக்கச் சுவரில் செருகும் பிளாஸ்டிக் துண்டு) இறக்க அது போதும். பில்லரிலோ பீமிலோ வைத்தால் சத்தம் மட்டும் வரும், பிட்டின் நுனி நீலம் பாரிக்கும். கான்கிரீட்டுக்கு எஸ்.டி.எஸ். பிட் (செருகினாலே பூட்டிக்கொள்ளும் ரகம்) மாட்டும் ரோட்டரி ஹேமர் வேண்டும். அதில் பிஸ்டன் ஒன்று காற்றை அழுத்தி ஒரு சுத்தியை ஏவும், சுத்தி பிட்டின் பின்புறத்தில் நேராக அடிக்கும், நாம் உடம்பின் பாரத்தைப் போட வேண்டியதே இல்லை. இதுவும் 18 வோல்ட்டில் கிடைக்கிறது. ஏ.சி. மாட்டுபவர், சிசிடிவி மாட்டுபவர் போன்று ஒரு வீட்டில் நாலு துளை, அடுத்த வீட்டில் ஆறு துளை என்று அலைபவர்களுக்கு அது வரப்பிரசாதம். நாள் முழுக்க ஆங்கர் போல்ட் அடிப்பவர் வயர் ஹேமரை விடக்கூடாது.

இம்பாக்ட் டிரைவர் என்று குட்டியாக ஒன்று இருக்கும், 'கட கட' சத்தத்தோடு. நீள ஸ்க்ரூவுக்கும் ஷீட் கூரையில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவுக்கும் அதை அடிக்க ஆளில்லை. மென்மையான வேலைக்கு ஆகாது. எம்.டி.எஃப். பலகையில் வைத்து ட்ரிகரை ஒரு நொடி கூடுதலாகப் பிடித்தால் ஸ்க்ரூ தலை பலகைக்குள் புதைந்துவிடும். ட்ரில் டிரைவரில் சக்குக்கு (பிட்டைப் பிடிக்கும் வாய்) பின்னால் 1, 2, 3 என்று எண் போட்ட வளையம் இருக்கிறதே, அதைத் திருப்பி வைத்தால் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு மேல் 'டிர்ர்' என்று வழுக்கிவிடும். இம்பாக்ட் டிரைவரில் அந்த வளையம் கிடையாது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ட்ரில் டிரைவர்.

பேட்டரிக்குள்ளே

1961-இல் பிளாக் அண்ட் டெக்கர் கார்ட்லெஸ் ட்ரில்லை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது நிக்கல்-காட்மியம். நாற்பது வருடத்துக்கும் மேல் அதுதான் ராஜா. முரடான பேட்டரி, குளிருக்கும் தாங்கும், முழுக்கக் காலியானாலும் செத்துப்போகாது. குறைகளும் நிறைய: செல்லுக்கு 1.2 வோல்ட்தான் என்பதால் 18 வோல்ட்டுக்குப் பதினைந்து செல் சுமக்க வேண்டும், சும்மா வைத்தாலே மாதத்துக்குப் பத்து இருபது சதவீதம் வடிந்துவிடும், காட்மியம் விஷம். ஐரோப்பிய ஒன்றியம் பவர் டூல்களில் அதற்குக் கொடுத்திருந்த விலக்கு 2016 கடைசியோடு முடிந்தது. நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு நடுவில் கொஞ்ச காலம் வந்து போனது, அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

லித்தியம்-அயனை 1991-இலேயே சோனி சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டது. டூல்களுக்கு வர இன்னும் பத்து வருடத்துக்கு மேல் பிடித்தது. 2003-இல் பாஷின் இக்ஸோ என்ற குட்டி ஸ்க்ரூ டிரைவர், 2005-இல் மில்வாக்கியின் 28 வோல்ட்டும் மகிதாவின் 18 வோல்ட்டும். அதற்கப்புறம் நிக்கலுக்கு வேலையில்லை. இன்றைக்குப் புது டப்பாவில் நிக்கல்-காட்மியம் பார்த்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது தேங்கிய சரக்கு.

பழைய நிக்கல் ட்ரில் வீட்டில் இருக்கிறது, உள்ளே லித்தியம் செல் போட்டுத் தருகிறேன் என்று சிலர் சொல்வார்கள். செய்ய முடியும், ஆனால் செல்களைக் கவனித்துக் காக்கும் பி.எம்.எஸ். போர்டும் லித்தியத்துக்கு ஏற்ற சார்ஜரும் சேர்த்து மாற்றினால்தான். பழைய சார்ஜரிலேயே லித்தியத்தைச் செருகினால் அதற்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. தீப்பிடிக்கும்.

லித்தியத்துக்குள்ளேயும் ரகம் உண்டு. 2 ஆம்பியர்-அவர் பேட்டரியில் ஐந்து செல் ஒரே வரிசை. 4, 5 ஆம்பியர்-அவரில் பெரும்பாலும் பத்து செல், ஐந்தைந்தாக இரண்டு வரிசை. இதனால் நேரம் மட்டும் கூடுவதில்லை, பலமும் கூடுகிறது. கிரைண்டர் 600 வாட் இழுத்தால் 18 வோல்ட்டில் அது 33 ஆம்பியர். ஒரே வரிசை என்றால் ஒவ்வொரு செல்லும் அந்த 33-ஐத் தாங்க வேண்டும். நல்ல 18650 செல்கூட 20, 30 ஆம்பியரில் சூடாகி மூச்சு வாங்கும். இரண்டு வரிசை என்றால் சுமை பாதியாகிவிடும். சின்ன பேட்டரியைக் கிரைண்டரில் மாட்டி "மெஷினில் பவரே இல்லை" என்று மெஷினைத் திட்டுபவர்கள் உண்டு, பாவம், மெஷின் மேல் குற்றமில்லை. 21700 என்ற சற்றுப் பெரிய செல் போட்ட பேட்டரிகளும், பை மாதிரி தட்டையான பௌச் செல் போட்டவையும் இப்போது வருகின்றன. கனமான மெஷினுக்கு அவற்றால் வித்தியாசம் தெரியும், ஸ்க்ரூ முறுக்க அந்தக் கூடுதல் காசு வீண்.

ட்ரில் மட்டும் என்றால் ஒரு 4-ஐவிட இரண்டு 2 மேல். ஒன்று ஓடும்போது ஒன்று சார்ஜில் இருக்கும், மெஷினும் லேசாக இருக்கும்.

நம் ஊர் வெயில் பேட்டரிக்குச் சத்ரு. முழு சார்ஜோடு சூட்டில் கிடப்பதுதான் லித்தியத்தை வேகமாகக் கிழவனாக்கும். மே மாதம் பைக் பாக்ஸுக்குள்ளோ கார் டிக்கியிலோ பேட்டரியை விட்டுவிட்டு நிழலில் சாப்பிடப் போகாதீர்கள். வேலை முடிந்து கை வைக்கச் சுடுகிறது என்றால் ஆறிய பிறகு சார்ஜ் போடுங்கள். பல மாதம் தொடப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைப்பது நல்லது. முழுக்கக் காலியாக்கிவிட்டு மூலையில் போட்டு மறந்தால் திரும்ப எழாது.

பிரஷ்லெஸ்ஸா?

தொழிலுக்கு ஆமாம், வீட்டுக்கு அவசியமில்லை. பிரஷ்லெஸ் மோட்டாரில் மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷின் உரசல் இல்லாததால் அதே பேட்டரியில் கூடுதல் வேலை வரும், மோட்டார் சூடும் குறையும். கார்பன் மெஷினில் கார்பன் தேய்ந்தால் சில்லறைக் காசில் மாற்றிக்கொள்ளலாம். பிரஷ்லெஸ்ஸில் உள்ளே உள்ள கன்ட்ரோல் போர்டு போனால் செலவு பெரிது. ஊரில் சர்வீஸ் சென்டர் இல்லாதவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

எந்தக் குடும்பம்?

ஒரே கம்பெனி என்பதால் எல்லாம் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். பாஷில் நீல நிறத் தொழில் ரகமும் பச்சை நிற வீட்டு ரகமும் இரண்டும் 18 வோல்ட்தான், ஆனால் பேட்டரி மாறி உட்காராது. மகிதாவின் 18 வோல்ட் எல்.எக்ஸ்.டி. பேட்டரி அதன் 40 வோல்ட் மெஷினில் போகாது. டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே முதலாளியின் பிராண்டுகள், பேட்டரி அமைப்பு மட்டும் வேறு வேறு. மறுபக்கம், டிவால்ட் தன் பெரிய மெஷின்களுக்குச் செய்யும் ஃப்ளெக்ஸ்வோல்ட் பேட்டரி அதன் 20 வோல்ட் மெஷினிலும் வேலை செய்யும். இங்கோ (Ingco), டோட்டல் (Total) போன்ற கம்பெனிகளுக்கும் சொந்த 20 வோல்ட் குடும்பம் இருக்கிறது. பெரிய பெயர்களைவிட விலை குறைவு, தினமும் எட்டு மணி நேரம் ஓட்டாதவர்களுக்குக் கணக்கு சரியாக வரும்.

பெயரில்லாத ரகங்களில் நிறைய மகிதாவின் பேட்டரி வடிவத்தைக் காப்பியடித்தவை. கிடைப்பது சுலபம், விலையும் குறைவு. ஆனால் போலி பேட்டரிகளில் ஒவ்வொரு செல்லையும் கவனிக்கும் போர்டை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். ஒரு கம்பெனி பேட்டரியை இன்னொன்றில் மாட்ட அடாப்டர் விற்பதையும் யோசித்து வாங்குங்கள். காலியானதும் நிறுத்தும் வேலையைச் சில குடும்பத்தில் பேட்டரி செய்யும், சிலவற்றில் மெஷின் செய்யும். அடாப்டர் நடுவில் வந்தால் யாருமே நிறுத்தாமல் போய், செல் செத்துவிடும்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ ஊருக்கு வரும்போது மெஷின் வாங்கி வருகிறவர்கள் நிறைய பேர். தனி பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடக்கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-அவருக்கு மேல் போனால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், 160-க்கு மேல் கிடையவே கிடையாது. 18 வோல்ட் 5 ஆம்பியர்-அவர் 90-இல் தப்பிக்கும், 6 ஆம்பியர்-அவர் 108, மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவிலிருந்து வந்தால் இன்னொரு தலைவலி, அங்கத்திய சார்ஜர் 120 வோல்ட்டுக்குச் செய்தது, நம் பிளக்கில் செருகினால் புகைந்துவிடும். வெளிநாட்டு வாரண்டியை இங்கே மதிப்பார்களா என்று முதலிலேயே கேட்டுக்கொள்வதும் அவசியம்.

யாருக்கு எது?

வருடத்துக்கு நாலு தடவை படம் மாட்டவும் அலமாரி தட்டு போடவும் என்றால், வயர் உள்ள 13 மில்லிமீட்டர் சுத்தியல் ட்ரில் வாங்குங்கள். விலையும் குறைவு, ஐந்து வருடம் கழித்து எடுத்தாலும் சுற்றும். நானே பலரை கார்ட்லெஸ் கவுண்டரிலிருந்து இதற்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டில் மரவேலை ஆசை உள்ளவருக்கு, கைக்கு அடிக்கடி வேலை கொடுப்பவருக்கு 12 வோல்ட், இரண்டு பேட்டரி கிட்.

எலக்ட்ரீஷியன், ஏ.சி., சிசிடிவி ஆட்களுக்கு 18 வோல்ட்டில் சின்ன ரோட்டரி ஹேமரும் ட்ரில்லும், 4 ஆம்பியர்-அவரில் இரண்டு. மாடுலர் கிச்சன் ஆசாரிக்கு 12 வோல்ட் ட்ரில்லும் 18 வோல்ட்டில் இம்பாக்ட் டிரைவரும் என்று இரண்டு குடும்பம் இருந்தாலும் தப்பில்லை, அவருக்கு மட்டும்தான் அந்தச் செலவு திரும்பி வரும். வெல்டிங், டைல்ஸ், கிரானைட் ஆட்கள் வயரிலேயே இருக்கட்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் கடையில் மூன்று வேலை. பேட்டரியைக் கழற்றி மாட்டிப் பாருங்கள், ஆட்டம் இருக்கக்கூடாது. சக்கில் நீளமான பிட்டை மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைப் பாருங்கள், வட்டம் போட்டால் சக்கோ ஷாஃப்ட்டோ சரியில்லை. மூன்றாவதாக, இதே பேட்டரி தனியாக என்ன விலை, இப்போதே இருக்கிறதா என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் விலையைக் குறித்துக்கொண்டு மேலே பேசலாம். "அது தனியா வராதுண்ணே, போச்சுன்னா புது செட்டே வாங்கிக்கலாம்" என்றால் அந்த டப்பாவை மூடித் திருப்பிக் கொடுத்துவிடலாம்.